கோஸ் வண்டிக்குள் தாய்மாமன்

என் அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டிய தாய்மாமன், பட்டு வேட்டியோடு சமையல்காரரின் காய்கறி வேனுக்குள் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாய்மாமன் நான்தான். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்திலேயே சௌகரியமான இடம் அதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே அரை இருட்டு. குளுமை. நனைந்த சாக்கு வாசனை. முட்டைக்கோஸிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே முகம். எதுவும் நம் தோளைத் தட்டி, "என்னைய ஆரு தெரியுதுங்களா?" என்று கேட்காது.

வேன் கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டு கட்டிய சமையல் ஆள் ஒருவர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கோசு எறக்க வந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"பொண்ணுக்கு மாமனுங்க."

அவர் என் பட்டு வேட்டியைப் பார்த்தார். ஜரிகைக் கரையைப் பார்த்தார். எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ மாமன்களைப் பார்த்திருப்பார் போல. முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"சும்மா உக்காருங்க சாமி, ஒண்ணும் இல்ல. ஆனா கூட்டுக்கு நீங்க உக்காந்திருக்கற மூட்டைதான் வேணும். அந்தப் பக்கம் சுரைக்காய் மேல மாறிக்கறீங்களா?"

மூன்றெழுத்துச் சொல்

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஒருவர் நம் வீட்டு விசேஷத்துக்குள் கால் வைத்தால், "வாங்க" என்று கேட்க வேண்டும். பொதுவாக ஒரு கும்பிடு போட்டு எல்லோரையும் சேர்த்துக் கேட்டுவிடக் கூடாது. ஆளாளுக்குத் தனித்தனியாக, முறை சொல்லி, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். "வாங்க மாமா." "வாங்க பெரீம்மா." அவர் "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அவ்வளவுதான்.

இதில் ஒருவர் விட்டுப்போனால் தீர்ந்தது. ரசத்தில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த கல்யாணத்துக்கு வந்து அதே ரசத்தை இன்னொரு முறை திட்டுவார். "என்னைய ஒருத்தரும் வாங்கன்னு கேக்கலை" என்று போனவர் வரவே மாட்டார். பேரன் பேத்திகளுக்கும் சொல்லிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

மற்றவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு அப்படியில்லை. வருகிறவர் யார்? என்ன முறை? கூட வருகிறவர் மனைவியா, மகளா? கையைப் பிடிக்கலாமா, கும்பிடணுமா? எவ்வளவு சிரிக்கணும்? இவ்வளவையும் நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் பந்தியில் பாயசத்துக்கு வந்திருப்பார்.

இத்தனைக்கும் மேலாக, எனக்கு முகம் பிடிபடாது. என் மனைவி கொண்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலில் எதிரே வந்தால் "தள்ளி நில்லுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சென்ற இதழிலேயே எழுதிவிட்டேன். வீட்டில் இன்னும் அதற்கான தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் வைத்த பேர்

இதற்கெல்லாம் ஒரு பேர் இருப்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தது.

யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். கை சில்லிட்டுப்போகும். மாரடைப்பு என்று முடிவு செய்து சேலத்துக்கு ஓடினேன். இதய டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "இஞ்சின் நல்லா இருக்குதுங்க" என்றார். நான் லாரி உதிரி பாகக் கடை வைத்திருப்பவன் என்பது அவருக்குத் தெரியும். "எதுக்கும் இவங்களைப் பாருங்க" என்று ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா நிதானமானவர். பல தடவை வரச்சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். சின்ன வயதில் எப்படி விளையாடுவீர்கள், என்ன சத்தம் பிடிக்காது, தினமும் ஒரே டிபனா என்றெல்லாம்.

"சட்டைக் காலர்ல இருக்கற லேபிளை வெட்டிடுவீங்களா?"

"எல்லாச் சட்டையிலயும் வெட்டிருவனுங்க. ஏனுங்க டாக்டர், மத்தவங்க வெட்ட மாட்டாங்களா?"

அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

கடைசியில் சொன்னார். நான் ஆட்டிசம் நிறமாலையில் இருக்கிறேனாம். "இது நோயில்லைங்க, நீங்க அமைஞ்ச விதம். இதை மாத்தறதுக்கு மருந்து கிடையாது, மாத்தவும் வேண்டாம். உங்களைப் படுத்தறது அது மேல ஏறி உக்காந்திருக்கற பதற்றம். அதைக் குறைக்கலாம்."

"சேஸிஸ்ல கோளாறு இல்ல, ஏத்துன லோடுதான் அதிகம்ங்கறீங்க."

"அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார். இந்த முறை சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். துக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் திமிர் பிடித்தவன், சொந்தத்தில் மொறைப்பானவன், கல்யாண வீட்டில் கூறு இல்லாதவன் என்று ஆளுக்கொரு பேராக வைத்திருந்தார்கள். இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே பேராக மாட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இதைத்தானே நான் கட்டிட்டு வந்த வருசத்துல இருந்து சொல்றேன்! அந்தம்மா இங்கிலீஷ்ல சொன்னாத்தான் நம்புவீங்களா?"

என் பதற்றத்தைப் பற்றி இன்னொன்று. அது நேரத்துக்கு வருகிற ஆசாமி இல்லை. விசேஷம் மாதக் கடைசியில் என்றால் மாதப் பிறப்பிலேயே வந்து பாயை விரித்துவிடும். நான் தூங்கப்போகும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, "வேட்டி அவுந்துட்டா என்ன பண்ணுவ? மைக்ல பேசச் சொல்லிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விசேஷம் முடிந்த பிறகு, "நீ பேசினது சரியில்லை" என்று விமர்சனக் கூட்டமும் நடத்தும்.

பழனியிலிருந்து வந்த மொட்டை

சரி, நான் கோஸ் மூட்டைமேல் ஏறும் அளவுக்கு அன்றைக்கு என்ன வந்துவிட்டது?

அக்காவின் கணவருக்கு ஓர் அண்ணன். எங்களுக்குப் பெரிய மாமா. அந்தக் குடும்பத்துக்கே மூத்தவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்ததுபோல ஒரு மீசை. எனக்கு அவரைத் தெரியும் என்றால், அந்த மீசையைத் தெரியும் என்று அர்த்தம்.

சில வருஷங்களுக்கு முன் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. அன்றைக்கும் வாசலில் நான்தான். பெரிய மாமா பழனிக்குப் போய்விட்டு நேராக வந்து இறங்கியிருக்கிறார். தலை மொட்டை. மீசையும் முருகனுக்கே போய்விட்டது. நெற்றி முழுக்கச் சந்தனம்.

என்னைப் பார்த்து அவர் சிரித்திருக்கிறார். நான் ரொம்ப அக்கறையாகக் கேட்டேன்:

"பந்தல் பிரிக்கறதுக்குங்களா? அது சாயங்காலத்துக்கு மேலதானுங்க. இப்பவே வந்துட்டீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. அப்படியே திரும்பி நடந்தார். அதோடு அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. சொந்தத் தம்பியே எதிரே வந்தாலும் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

இப்போது கல்யாணம். மூத்தவர் இல்லாமல் மணவறையில் யாரை நிறுத்துவது? அக்காவும் மாமாவும் வெற்றிலைபாக்கு, பழத்தட்டோடு பத்திரிகை வைக்கப் போனார்கள். பெரிய மாமா தட்டை வாங்கிக்கொண்டாராம். காப்பி கொடுத்தாராம். கடைசியில் என்னைக் குறித்துச் சொன்னாராம்:

"அந்தத் தம்பி வாசல்ல நின்னு என்னைய வாங்கன்னு கேக்கட்டும். வாரேன். கேக்கலைன்னா வண்டிய அப்படியே திருப்பிக்குவேன்."

அக்கா அன்றைக்குச் சாயங்காலமே என் கடைக்கு வந்துவிட்டாள். நின்றபடியே சொன்னாள்.

"கண்ணு, உன்னைய நான் சீர் கேக்கலை, செனத்தி கேக்கலை. பெரிய மாமா உள்ள வந்து மணவறைல நிக்கோணும். என்ற புள்ளைக்கு அவரு கையால அரிசி போடோணும். அது உன்ற வாயில இருக்குது."

டாக்டர் சொன்ன பேரை அக்காவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. முகம் பிடிபடாதவனுக்கே பிடிபட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைலன்சருக்கு ஒரு வணக்கம்

ஒத்திகை ஆரம்பித்தேன்.

கடையில் லாரி சைலன்சர்களை நிமிர்த்தி வரிசையாக நிறுத்தி வைத்திருப்பேன். ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகக் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க மாமா, வாங்க பெரிய மாமா, நீங்க வந்தாத்தான் கல்யாணமே" என்று சொல்லிப் பழகினேன். குரலை ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை. கிளட்ச் பிளேட் வாங்க வந்த டிரைவர் ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "நான் அப்பறமா வாரனுங்க" என்று போய்விட்டார்.

மனைவி பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துவைத்துப் பாடம் நடத்தினாள். "இவரு தம்மம்பட்டிக்காரரு, உங்க சித்தப்பா முறை. இது அவரு சம்சாரம். இப்பச் சொல்லுங்க, இது ஆரு?"

"போட்டோவுல நீலச் சேலை கட்டியிருக்கறவங்க."

"கல்யாணத்துக்கும் நீலச் சேலைதான் கட்டிட்டு வருவாங்களா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் அதே துணியில் வரச்சொல்லிப் பத்திரிகையில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

டாக்டரம்மாவும் யோசனை சொன்னார். இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுங்கள். தாங்காதபோது ஒதுங்க ஓர் அமைதியான மூலையைக் கண்டுபிடித்து வையுங்கள். ஓடிப்போவது தோல்வியில்லை, சாப்பாட்டு இடைவேளை மாதிரி. நல்ல யோசனைதான். மூன்று மூலைகளைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் ஒன்றில் வாழை இலைக் கட்டு, ஒன்றில் மாப்பிள்ளையின் நண்பர்கள், ஒன்றில் ஐஸ்கிரீம் பெட்டி. மிச்சமிருந்தது கோஸ் வண்டிதான்.

வாசல்

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. முதலில் வந்த கிழவரை "வாங்க" என்றேன். அவர் "வாரனுங்க" என்றார். உலகம் சரியாக இயங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் செண்டை மேளம் வந்தது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் இப்போது அதுதான் நாகரிகம். பத்துப் பதினைந்து பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தார்கள். மற்றவர்கள் அதைக் காதால் கேட்டார்கள். நான் பல்லால் கேட்டேன். ஒரு பக்கம் என் கையிலிருக்கும் பன்னீர்ச் செம்பு, என் கண்ணிலேயே தெறிக்கிறது. இன்னொரு பக்கம் போட்டோகிராபரின் விளக்கு. புதுப் பட்டுச் சட்டையின் காலர் ரம்பம் மாதிரி அறுக்கிறது. லேபிளை வெட்டியிருந்தேன். ஆனால் தைத்த நூல் பாக்கி இருந்தது.

அதற்குள் எனக்குள் ஏதோ தடம் மாறிவிட்டது. உள்ளே போகிறவர்களையும் "வாங்க" என்றேன், வெளியே போகிறவர்களையும் "வாங்க" என்றேன். செல்போன் பேச அடிக்கடி வெளியே போய்வந்த ஒருவரை ஒவ்வொரு முறையும் வரவேற்றேன். கடைசியில் அவர், "போதுமுங்க, நான் ஏசி மெக்கானிக்" என்றார்.

அப்போதுதான் ஓர் அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னைய ஆருன்னு சொல்லுங்க பாக்கலாம்!"

சொந்தக்காரர்கள் இதை அன்பினால்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனால் நெஞ்சுக்குள் இருக்கிற ஆசாமிக்குத் தெரியாது. அவன் உடனே மணி அடித்துவிடுவான். வாசல் சுருங்கிக்கொண்டே போவதுபோல இருந்தது. பன்னீர்ச் செம்பை அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தேன்.

அவர் என் சொந்தச் சித்தி என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு வாசலில் நின்று நான் விட்ட இடத்திலிருந்து பன்னீர் தெளித்தது அவர்தானாம்.

வண்டி தெரியுது

சமையல் ஆள் கோஸ் மூட்டையை உருவிக்கொண்டு போனபின் வேனை விட்டு இறங்கினேன். மண்டபத்துக்குப் பக்கவாட்டில் வண்டி நிறுத்தும் மைதானம். மேளச் சத்தம் சுவரில் பட்டுப் பாதியாகத்தான் வந்தது. ஒரு வேப்பமரம். நல்ல காற்று.

ஒரு பழைய ஜீப் உள்ளே நுழைந்தது. என்னை அறியாமல் வாயிலிருந்து வந்தது:

"வாங்க சித்தப்பா! தம்மம்பட்டில மழையா?"

ஜீப்பிலிருந்து இறங்கியவர் முகம் மலர்ந்தார். "அட, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களைக் கேக்கற கணக்கா வண்டிகிட்டயே வந்து கேக்கறீங்களே! வாரனுங்க, வாரனுங்க."

எனக்கு மனிதர்கள் தெரியாது. வண்டி தெரியும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. நான் பேசத் தொடங்கியதே தாமதம். பேசியபோது முதலில் வந்தது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, ஒரு லாரி நம்பர் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றிலிருந்து ஒரு வண்டியை ஒரு முறை பார்த்தால் எனக்கு மறக்காது. நம்பர், ஹாரன், எந்த விளக்கில் விரிசல், எந்தக் கதவு இன்னொரு வண்டியிலிருந்து மாற்றியது, எல்லாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் எதற்காவது என் கடைக்கு வண்டியில் வருகிறவர்கள்தான். கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக வண்டியைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் அவர்களை அடையாளம் கண்டிருக்கிறேன். மண்டபத்து வாசலில் வந்து நின்றவர்கள் எல்லோரும் வண்டியில்லாத மனிதர்கள். பின் எப்படித் தெரியும்?

அடுத்து ஒரு மொபெட். "வாங்கண்ணா!" அதற்கடுத்து முன்விளக்கு ஒன்று மஞ்சளாக எரியும் கார். "வாங்க பெரீம்மா, கால் வலி தேவலையா?" ஒன்றுகூடத் தப்பவில்லை. வண்டிக் கதவைத் திறந்துவிட்டு வரவேற்பது யாருக்குமே நடக்காத மரியாதை. போகிறவர்கள் எல்லாம் உள்ளே போய், "அந்தத் தம்பி மாதிரி கேக்கோணும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

என்னைத் தேடி வந்த மனைவி வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்தாள்.

"இங்க என்ன பண்றீங்க? உங்கக்கா அங்க அழுகற மாதிரி நிக்குது!"

"வாங்கன்னு கேட்டுட்டு இருக்கறேன்."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மூன்று வண்டிகள் வந்தன. மூவரையும் முறை சொல்லிக் கேட்டேன். அவள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு உள்ளே போய் அக்காவிடம் சொன்னாளாம்: "அவரு வாசலை மரத்தடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாருங்க அண்ணி. அங்க நல்லாத்தான் இருக்குது, உடுங்க."

ஒரே ஒரு வண்டிதான் எனக்குப் பிடிபடவில்லை. முழுக்க ரோஜாவும் சாமந்தியும் சுற்றிய கார். நம்பர் பிளேட்டையே பூ வளையம் மூடியிருந்தது. கறுப்புக் கண்ணாடி. பூ அலங்காரக்காரர் வண்டி என்று முடிவு செய்தேன். டிரைவர் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பூவெல்லாம் சமையல்கட்டுப் பக்கமா எறக்கோணுமுங்க" என்று பின்பக்கம் கையைக் காட்டினேன். போய்விட்டது.

மன்னிக்கப்பட்டேன்

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரம். வெள்ளைக் கார் ஒன்று திருப்பத்தில் வந்தது.

பெரிய மாமாவின் கார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இடது பக்கத்துப் பின்விளக்கு என் கடையில் வாங்கிப் போட்டது. ஆள் வராமல் மெக்கானிக்கை அனுப்பி வாங்கியிருந்தார்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கால் ஓடியது. டிரைவர் கதவு திறந்து, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மூக்குக்குக் கீழே அந்தக் கைப்பிடி மீசையோடு அவர் இறங்கினார். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சைலன்சர்களிடம் சொல்லிப் பழகியது முழுக்க வந்தது. பழகாததும் வந்தது.

"வாங்க பெரிய மாமா! வாங்க! நீங்க வந்தாத்தான் கல்யாணமே. அன்னிக்கு மொட்டையோட வந்தப்ப எனக்கு நெசமாலுமே ஆள் தெரியலைங்க. வேணும்னு பண்ணலைங்க. எனக்கு மூஞ்சி பிடிபடாதுங்க மாமா, பொறப்புலயே அப்படி. டாக்டரே சொல்லிட்டாங்க. எங்கக்கா மேல கோவம் வெச்சுக்காதீங்க, தப்பு என்ற மேலதான். மனசுல இருந்து எடுத்துருங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"அட உடுங்க சாமி. அதையெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டனுங்க."

"மனசுல ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்ணுமே இல்லீங்க."

இத்தனை வருஷமாக முதுகில் சுமந்த மூட்டை இறங்கியதுபோல இருந்தது. வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

அப்போது காரின் பின்கதவுக் கண்ணாடி மெதுவாக இறங்கியது.

"முருகேசா, நீ மன்னிச்சுட்ட. செரி. நான் என்ன பண்றது?"

பின்சீட்டில் ஒருவர். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே, அசல் மீசை.

கண் ஆப்பரேஷன் செய்திருக்கிறாராம். வண்டி ஓட்டக் கூடாதாம். அதனால் ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் மன்னிப்பை வாங்கிக்கொண்டவர் அந்த முருகேசன்.

நான் கல்லாகிவிட்டேன். இது எனக்கு நடக்கும். வார்த்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொண்டு ஒன்றுகூட வெளியே வராது. இருந்த வரவேற்பு முழுவதையும் முருகேசனுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். பெரிய மாமாவுக்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை. அவர் கதவைத் திறந்தார். ஆனால் காலைத் தரையில் வைக்கவில்லை. காத்திருந்தார். உள்ளே அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

முருகேசன் பதறிப்போய், "அவரு கேட்ட கேள்விக்குத்தானுங்க நான் பதில் சொன்னேன்" என்றார்.

"நீ சும்மா இரு." பெரிய மாமா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏனுங்க தம்பி. என்ற மூஞ்சி உங்களுக்கு நெசமாலுமே தெரியாதா?"

தலையை ஆட்டினேன், தெரியாது என்று.

"இவன் மூஞ்சிக்கும் என்ற மூஞ்சிக்கும் வித்தியாசமே தெரியலையா?"

அதற்கும் ஆட்டினேன்.

"வண்டி?"

வாய் தானாகத் திறந்தது. நம்பரைச் சொன்னேன். பின்விளக்கு எப்போது மாற்றியது, முன் பம்பரில் பெயின்ட் எந்த இடத்தில் ஒட்டு, வலது வைப்பர் அரை இன்ச் சின்னது, எல்லாம் சொன்னேன். நிறுத்த முடியவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் பழனி பஸ்ல வந்து எறங்கினேன்" என்றார் மெதுவாக. "வண்டில வந்திருந்தா?"

"பந்தல்காரர்னு சொல்லியிருக்க மாட்டனுங்க."

கார் குலுங்கத் தொடங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆப்பரேஷன் செய்த கண் என்பதையும் மறந்து.

"பாருடா முருகேசா! நான் திமிருன்னு நெனச்சு இத்தனை வருசம் என்ற தம்பி ஊட்டுச் சோத்தைத் திங்காம இருந்திருக்கறேன். இவரு உன்னைய நானுன்னு நெனச்சு அழுகறாரு!" சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "செரி. இப்பக் கேளுங்க."

கும்பிடக் கை எழவில்லை. முறை சொல்லவும் வரவில்லை. மூன்றே எழுத்துதான் வந்தது.

"வாங்க."

"வாரனுங்க" என்று பெரிய மாமா காலைத் தரையில் வைத்தார்.

பின்னாலேயே முருகேசன், "நானும் வரலாமுங்களா?" என்றார்.

"உன்னையத்தான்டா மொதல்ல கேட்டாரு. நட."

அவர்கள் உள்ளே போவதை மரத்தடியிலிருந்தே பார்த்தேன். அக்கா ஓடிவந்து அவர் காலைத் தொட்டாள். அப்புறம் என்னிடம் வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொல்ல வந்தவள், என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "கோசு எலை ஒட்டியிருக்குது, தட்டு" என்றாள். தட்டினேன்.

அன்றைக்கு அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன பேரை அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா, பத்திரிகைலயே எல்லாத்தையும் வண்டில வரச்சொல்லிப் போட்டிருப்பேனே" என்றாள். கிண்டல் செய்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் முகூர்த்தத்தில் பெரிய மாமா மணவறையில் நின்று முதல் அரிசி போட்டார். பக்கத்தில் முருகேசனும் போட்டார்.

அடுத்த வாரம் புதுமணத் தம்பதிக்கு எங்கள் வீட்டில் விருந்து. வாழப்பாடி மாப்பிள்ளை. அதிர்ந்து பேசாத பையன். என் அக்காவை அவர் அத்தை என்று கூப்பிடுவதால் நான் அவருக்குச் சித்தப்பா முறையாம். இந்த வம்சக் கணக்கை மனைவி எனக்கு மூன்று முறை விளக்கினாள். அன்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து, பூக்கள் எல்லாம் உதிர்ந்து நம்பர் பளிச்சென்று தெரிந்த அந்தக் கார் கேட்டுக்கு வந்ததும், ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து, நிறைவாகக் கும்பிட்டு, "வாங்க மாப்பிள்ளை!" என்றேன்.

மாப்பிள்ளை இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பணிவாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"முன்பக்கமாவே வரலாங்களா சித்தப்பா, இல்ல அன்னிக்கு மாதிரி சமையல்கட்டுப் பக்கமா வரணுங்களா?"